டப்பாவுக்குள் போன இன்ஹேலர்

பணி ஓய்வு பெற்றதும் என் கணவருக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும் வேகம் வந்துவிட்டது. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் சின்ன ஃபிளாட்டில் எல்லாமே ஒரே மாதிரி டப்பாக்களுக்குள் போயின. கட்டிலருகே இருந்த என் ஆஸ்துமா இன்ஹேலரையும் என்னிடம் சொல்லாமல் எடுத்து வைத்துவிட்டார்.

ஒரு மழைநாள் காலையில் எனக்கு மூச்சு முட்டியது. பேச முடியாமல், இன்ஹேலர் இருந்த இடத்தைக் கையால் காட்டினேன். அவர் டப்பா டப்பாவாகத் திறந்து கொட்டினார். எதில் வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த எதிர்வீட்டு ஃபரீதா, "தேடினது போதும் சார், ஆட்டோ கூப்புடுங்க" என்று என்னைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பிழைத்தேன்.

வீடு திரும்பியதும் கணவர் கேட்டார்: "நான் அடுக்கும்போது நீயாவது பாத்து வெச்சிருக்கக் கூடாதா?"

இப்போது ஒரு இன்ஹேலர் எப்போதும் என் இடுப்பில் இருக்கிறது. இன்னொன்றை ஃபரீதாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். கணவரிடம் கொடுக்கவில்லை.