சேலை அலமாரிக்குள் ஒரு முதலை

வீட்டிலேயே பாட்காஸ்ட் பதிவு செய்கிறவனுக்கு முதல் எதிரி அவன் வீடுதான். மைக்கும் கையுமாக உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் மலேசியாவின் கோலா சிலாங்கூரில் இருந்துகொண்டு எஸ்டேட் காலத்துக் கதைகளைப் பேசிப் பதிவு செய்கிறேன். விடாமல் கேட்பது ஒரே ஆள், பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் கால் உடைந்து படுத்திருக்கும் என் மச்சான் ராமையா.

கிணற்றுக் குரல்

முதல் கதையைக் கூடத்தில் பதிவு செய்தேன். வெறும் சுவர், கீழே பளபளக்கும் தரை ஓடு. ஒரு வார்த்தை சொன்னால் மூன்றாகத் திரும்பி வந்தது. தலைக்கு மேலே மின்விசிறி வேறு தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. மச்சான் போன் போட்டார்.

"என்ன மச்சான், கிணத்துக்குள்ள விழுந்துட்டியா? அடுத்ததும் இப்படி இருந்தா நான் கேக்க மாட்டேன் லா."

இருந்த ஒரு ரசிகரும் போனால் நான் யாரிடம் கதை விடுவது?

குருவிக் கச்சேரி

பின்னறைக்கு மாறினேன். எதிரே சீனர் ஆ செங்கின் கடைமாடி. சூப்புக்கு நல்ல விலை போகும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கிறார். குருவிகளைக் கூப்பிட ஒலிபெருக்கியில் கீச்சுச் சத்தம் நாள் முழுக்க ஓடும். அத்தனையும் என் பதிவில் ஏறிவிட்டது. சரிபார்க்க ஜன்னலோரம் சத்தமாகப் போட்டேன். நம்பினால் நம்புங்கள், நாற்பது குருவிகள் என் அறைக்குள் குடிவந்தன! ஆ செங் ஓடி வந்து தனக்குத் தெரிந்த தமிழில் பேரம் பேசினார்.

"அங்கிள், கூடு கட்டினா பாதி எனக்கு, ஓகே லா?"

பட்டுச் சேலை ஸ்டூடியோ

துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்று எங்கோ கேட்டிருந்தேன். மனைவியின் சேலை அலமாரியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தி, விசிறியையும் நிறுத்தியாயிற்று. வேர்வை ஆறாக ஓட, முதலைக் கதையை எடுத்துவிட்டேன்: பாசிர் பெனம்பாங் படகுத்துறையில், லோரி நீள முதலையை நான் ஒற்றை லுங்கியால் கட்டி இழுத்த கதை. முடிக்கும் நேரம் பின்னால் மனைவியின் குரல்.

"ஏங்க, உள்ள யாருகிட்ட இப்படி உருகி உருகிப் பேசுறீங்க? என் கல்யாணப் பட்டுகிட்டயா?"

தீர்ப்பு

கதையை மச்சானுக்கு அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் மணி அடித்தது.

"மச்சான், இப்பதான் ஒவ்வொரு வார்த்தையும் கண்ணாடி மாதிரி கேக்குது. ஆனா அந்த முதலைய புடிச்சது நான் லா, லுங்கியும் என்னுது. அது முதலையும் இல்ல, உடும்பு. சரி சரி, அடுத்தத சீக்கிரம் அனுப்பு!"

ஆகவே சக மைக்கர்களே, இரைச்சலை ஒழித்துக்கட்டுங்கள், ஆனால் கதையில் முதலை வரும் இடத்தில் மட்டும் விசிறியைக் கொஞ்சம் ஓடவிடுங்கள்.