பெருமாயியின் கைராசி

பெருமாயிக்குக் கைராசி என்று முதலில் சொன்ன வாயில் மண்ணைத்தான் அள்ளிப் போட வேண்டும்.

அவள் மலைமேல் ஆலத்தூர் நாட்டுக்கு மருமகளாக வந்த வருசம், மார்கழிக் குளிரில் எந்த வீட்டிலும் வெண்ணெய் திரளவில்லை. இவள் மத்துக்கயிற்றைப் பிடித்த அன்று எலுமிச்சம்பழ அளவு உருண்டை வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆறு வருசம் வேறு யாரும் அந்தக் கயிற்றைத் தொட மாமியார் பழனாயி விடவில்லை.

தாய்வீடு ஒன்றும் சீமையில் இல்லை. இதே மலையில் வாழவந்தி நாடு, அரைநாள் நடை. கேட்டால், "மாடு வத்தட்டும் கண்ணு, போலாம்" என்பாள் மாமியார். நாலு மாடு கட்டியிருக்கிற வீட்டில் நாலுக்கும் ஒன்றாக எந்தக் காலத்தில் பால் வற்றும்?

ஆறாம் வருசம், அம்மா காய்ச்சலில் கிடக்கிறாள், அண்ணன் சென்றாயன் கூட்டிப்போக நாளைக்கு வருகிறான் என்று சேதி வந்தது. ராசி போய்விட்டால் விட்டுவிடுவார்கள் என்று பெருமாயி கணக்குப் போட்டாள். குளிர் நாளில் கடையும்போது வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு கை தெளிப்பது வழக்கம். அவள் கொதிக்கக் கொதிக்க ஒரு செம்பு ஊற்றினாள். வெண்ணெய் உருகி எண்ணெயாய் மிதந்தது.

பழனாயி திட்டியிருந்தால்கூடத் தேவலை. மிளகாய் சுற்றிப் போட்டு, "கண்ணு பட்டுருச்சு சாமி. நான் சொல்றவரைக்கும் வாசப்படி தாண்டாத" என்றுவிட்டாள்.

மறுநாள் அண்ணன் வந்து நின்றான். கண்ணேறு கழிந்ததென்று காட்டினால் விடுவாள் என்று, பெருமாயி தோள் இற்றுப்போகக் கடைந்தாள். இரண்டு எலுமிச்சம்பழ அளவு திரண்டது.

"ஏனுங்க அத்தை, எல்லாம் சரியாப் போச்சுங்க. நான் போயிட்டு வாரேனுங்க."

"இப்பத்தான் ராசி திரும்பி வந்துருக்குது. வெளிய கொண்டுபோய்த் தொலைக்கவா?"

பழனாயி ஈரமில்லாதவள் என்று சொல்ல முடியாது. பாதி வெண்ணெயை இலையில் கட்டி அண்ணனிடம் கொடுத்தாள். "அம்மாளுக்குக் குடு சாமி, மக கையால எடுத்தது."

பெண் கொடுத்த வீட்டில் அவன் சண்டையா போட முடியும்? மோரைக் குடித்துவிட்டு இலைக்கட்டோடு போனான். அந்த வெண்ணெய்க்குக் கிடைத்த வழி தனக்குக் கிடைக்கவில்லையே என்று பெருமாயி மத்தைக் கழுவிக்கொண்டே அழுதாள்.

எட்டாம் நாள் அம்மா செத்த சேதி வந்தது. கட்டிக்கொடுத்த மகளுக்கு மூன்று நாள் தீட்டு. தீட்டுக்காரி மத்தைத் தொடக் கூடாது.

"போயிட்டு வா கண்ணு" என்று பழனாயியே வாசல்வரை வந்து அனுப்பிவைத்தாள்.

மூன்று நாளைக்கு.