நாலாவது படம்

“அவனைப் பிடிச்சு அடைச்சு வைச்சிருக்கிறாங்களாம். கடிதம் ஆரும் எழுதலாம். அவன்ர படத்தை அனுப்பச் சொல்லு.”

அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்படியே எழுதி எனக்கு அனுப்பிய கடிதம் அது. ஊரில் பரவிய கதை முழுப் பொய்யுமல்ல. லண்டனில் வந்திறங்கியதும் என்னை ஐந்து வாரம் தடுத்து வைத்திருந்தார்கள். வெளியே விட்டு மூன்று மாதமாகிவிட்டது. அதை நான் நாலு கடிதத்தில் எழுதியும்விட்டேன். ஆனால் எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் இல்லாத வீட்டில் என் கடிதம் வெறும் காகிதம்.

டூட்டிங்கில் மூன்று தெரு தள்ளியிருந்த அக்கா ஒருவர் அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் பயணம். பின்னேரம் நாலு மணிக்கு வீட்டிலிருந்து புறப்படுகிறார். அதற்குள் லண்டனுக்கு முன்னால் நின்று படம் எடுத்து, கழுவி, அவர் கையில் கொடுக்க வேண்டும். என் அறையில் கூட இருந்த அண்ணை, பெற்றோல் செட்டில் இரவு ஷிப்ட் முடிந்து நித்திரை கொள்ளாமலே கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“றோலிலை நாலு படம்தான் கிடக்கு. மிச்சமெல்லாம் மருமேள் குட்டியின்ர பிறந்தநாள். ஆடாமல் நில்லு.”

என்னால் ஏலாதது அதுதான். பள்ளிக்கூடத்து ஆங்கிலப் புத்தகத்தின் அட்டையில் இருந்த மணிக்கூட்டுக் கோபுரம் ஆற்றங்கரையில் பொன்னிறமாக எழுந்து நின்றது. எத்தனை வருஷம் அதை மடியில் வைத்துப் படித்திருப்பேன். நேரில் கண்டதும் அதில் மணி என்ன என்றுதான் பார்த்தேன். பத்து இருபது.

“சிரியடா.”

“அண்ணை, யாழ்ப்பாணத்திலையும் மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கெல்லே. அம்மா அதெண்டு நினைச்சால்?”

“அப்ப பின்னுக்குப் போற சிவப்பு பஸ்?”

“எங்கட பஸ்ஸும் சிவப்புத்தானே.”

அண்ணை கமராவை இறக்கினார். “உனக்கு நல்ல விசர்.” திரும்பத் தூக்கிப் பொத்தானை அமத்தினார்.

இரண்டாவது படம் பாலத்தில். மூன்றாவது சிங்கச் சிலையடியில், புறாக்களுக்கு நடுவே. சுற்றுலா வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபடி ஆறுதலாக நடந்தார்கள். அவர்களை விலத்தி விலத்தி நான் ஏறக்குறைய ஓடினேன். ஒரு பழைய அரண்மனையின் வாசலில், சிவப்புச் சட்டையும் கரடிமயிர்த் தொப்பியுமாகக் காவல்காரன் ஒருவன் நின்றான். தோளில் துவக்கு.

“இவனுக்குப் பக்கத்திலை நில். இதுதான் லண்டன்.”

“ஆமிக்காரனோ?”

“பொம்மை மாதிரித்தான். ராணியைக் கேக்காமல் சுடான்.”

போய் நின்றேன். வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் அடையாள அட்டையைத் தேடியது. அது ஊரில் சோதனைச் சாவடிகளில் பழகிய கை. அண்ணை அமத்தினார்.

டூட்டிங்கில் ஒரு மணி நேரத்தில் படம் கழுவித் தரும் கடை வாசலில் நான் அந்த ஒரு மணி நேரமும் நடந்தேன். மருமகள் முப்பத்திரண்டு படத்திலும் கேக்கோடு சிரித்தாள். கோபுரத்துக்கு முன்னால் எனக்குத் தலை இல்லை. அண்ணையின் நித்திரைக் கண் கழுத்தோடு வெட்டியிருந்தது. பாலத்தில் முகத்தை ஒரு வெள்ளைக்காரியின் தொப்பி மறைத்தது. சிங்கத்தடியில் நான் அசைந்ததில் புகைபோல் கிடந்தேன். நாலாவது படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. நான், ஆமிக்காரன், துவக்கு.

அக்காவிடம் போய்ச் சேர்ந்தபோது நாலுக்குப் பத்து நிமிஷம். பெட்டிகள் வாசலில் இருந்தன.

“தம்பி, கொம்மாவுக்கு இதையே காட்டச் சொல்லுறாய்? பிடிச்சுக்கொண்டு போறாங்களெண்டெல்லோ நினைப்பா.”

“அவனை வெட்டிப்போட்டுக் குடுப்பமே அக்கா?”

கத்தரிக்கோலை எடுத்து வந்தவர், காவல்காரனை உள்ளங்கையால் மறைத்துப் பார்த்தார். மிச்சமாக நானும் கல்லுச் சுவரும், இரும்புக் கம்பி போட்ட யன்னலும்.

“இப்பதான் சரியான மறியல்சாலை.”

வெளியே டாக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்தான். வெட்டாமலே உறைக்குள் வைத்துக் கொடுத்தேன். “நான் உன்னைக் கண்டனான் எண்டு சொல்லுறன்” என்று அக்கா கார்க் கண்ணாடியை இறக்கிச் சொன்னார். அதையும் அம்மா நம்பமாட்டா என்று எனக்குத் தெரியும். ஆறுதலுக்குப் பொய் சொல்லத்தான் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

அடுத்த ஆறு கிழமையும் தபால்காரன் வரும் நேரத்துக்குப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு காலை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையெழுத்து வந்தது. அண்ணை அப்போதுதான் ஷிப்ட் முடிந்து போர்வைக்குள் புகுந்திருந்தார். உரத்து வாசித்தேன்.

“மகன், படம் கிடைச்சது. பக்கத்திலை நிக்கிற பெடியன் பாவம், அந்த வெயிலுக்கை அப்பிடியொரு தொப்பி. அவனைப் பாத்த உடனை நெஞ்சு திக்கெண்டது. பிறகு வடிவாப் பாத்தன். ஒருத்தனைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஆமிக்காரன் அவனிலைதான் கண்ணாய் நிப்பான். இவன் உன்னைப் பாக்கவேயில்லை, எங்கையோ பாக்கிறான். அப்ப நீ வெளியிலைதான் நிக்கிறாய். ஆனால் நீ ஏன் அப்பிடிப் பயந்து முழுசுறாய்?”

போர்வைக்குள்ளிருந்து அண்ணையின் குரல் வந்தது.

“உன்னைப் படிப்பிச்சதுக்குப் பதிலாக் கொம்மாவைப் படிப்பிச்சிருக்கலாம்.”