வரப்பில் நின்ற ட்ரைபாட்

அப்பா இருந்தார். அம்மா இருந்தார். நான் இருந்தேன். அண்ணன் இல்லை — சிங்கப்பூரில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கேமரா பட்டனை அமுக்க ஒரு ஆள்... அதுவும் இல்லை.

போன வாரம் எங்கள் வயலில் கடைசி அறுவடை. தாத்தா கொடி பிடித்து, இரண்டு கட்சி ஆட்சியிலும் மனு கொடுத்து, அப்பா காலத்தில்தான் பட்டா கைக்கு வந்த நிலம். இப்போது புறவழிச்சாலைக்குப் போகிறது. "நெல்லு நிக்கிறப்பவே மூணு பேரும் நின்னு ஒரு படம் அனுப்புடா." அண்ணன் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் முதலில் காலேஜ் போனவன் நான். எதையும் படித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். ட்ரைபாடின் உச்சியில் கேமராவைத் தாங்குகிற பகுதிக்கு ஹெட் என்று பெயர். பால் ஹெட்டில் ஓர் உருண்டை, ஒரே ஒரு திருகு. தளர்த்தினால் எந்தப் பக்கமும் திரும்பும். பான்-டில்ட் ஹெட்டில் மேல்கீழுக்கு ஒரு கைப்பிடி, பக்கவாட்டுக்கு ஒன்று, சாய்வுக்கு ஒன்று. கனம் அதிகம், பார்க்கவும் பழசாக இருக்கும். நான் எதை வாங்கியிருப்பேன்? யூடியூபில் எல்லோரும் புகழ்ந்த பால் ஹெட்டைத்தான்!

வரப்பின் ஒரு முனையில் ட்ரைபாட். கொஞ்சம் தள்ளி அப்பாவும் அம்மாவும். சேற்றில் ட்ரைபாடின் ஒரு கால் இறங்க, ஃப்ரேமை நேராக்குவதற்குள் வியர்த்துவிட்டது.

"தம்பி, கல்யாண ஆல்பமா எடுக்குற? அடுத்து நான் குத்தாலத்துக்கு அறுப்புக்குப் போவணும்!" அறுவடை மெஷின் டிரைவர் இன்ஜினை ஓடவிட்டபடியே கத்தினார்.

டைமரைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த நேரம் பார்த்து வரப்பில் எதிரே ஒருவர் வந்தார். தாத்தா எந்தப் பண்ணையில் கூலி வேலை பார்த்தாரோ, அந்த வீட்டுப் பேரன். அரை டிரவுசர், காதில் ஹெட்ஃபோன். அப்பா சட்டென்று வயலுக்குள் இறங்கி வழிவிட்டார். தோள் துண்டு கைக்கு வந்தது. கேமரா க்ளிக் என்றது.

"ஐயோ, நீங்க நில்லுங்க... நான் சுத்திப் போறேன்" என்று அந்தப் பையன் பதறினான்.

"அதனால என்ன தம்பி, நீங்க வாங்க" என்றார் அப்பா.

அவன் போனதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஏங்க, வயலு நம்மளுது, வரப்பும் நம்மளுது. எறங்குறது மட்டும் இன்னும் நீங்கதானா?"

அப்பா சிரித்தார். ஏறவில்லை. "இங்கயே நிக்கிறேன்டா. கதிருக்குள்ள நின்னாத்தான் எனக்கு நல்லாருக்கு."

அப்படி எடுத்தாலும் நல்ல படமாகத்தான் வந்திருக்கும். கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தால் போதும். கீழே மட்டும். ஆனால் பால் ஹெட்டில் 'மட்டும்' என்று ஒன்று கிடையாதே! திருகைத் தளர்த்தினேன், கேமரா குப்புறக் கவிழ்ந்தது. நிமிர்த்தினால் கோணுகிறது. கோணலைச் சரிசெய்தால் திரும்பிக்கொள்கிறது. கையில் பிடித்து எடுக்கக் கூடாதா என்பீர்கள். நானும் நிற்க வேண்டுமே?

டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பாவே மேலேறி வந்து கை காட்டினார். "நீங்க வண்டிய விடுங்க. உங்களுக்கு நேரமாவுதுல்ல."

மெஷின் இறங்கியது. அப்பா நின்ற இடம்தான் முதலில் போனது.

கிடைத்த ஒரே படத்தை அனுப்பினேன். அதில் அம்மா, ஓடுகிற என் முதுகு, ஒரு ஹெட்ஃபோன். அண்ணனிடமிருந்து ஒரே வரி பதில்: "அப்பா எங்கடா?"

பறவையைத் துரத்துகிறவர்கள் தாராளமாக பால் ஹெட் வாங்குங்கள். நிற்கிற மனிதர்களைப் படமெடுக்க மூன்று கைப்பிடி ஹெட்தான் சரி. ஒருவர் சற்றுக் கீழே இறங்கிவிட்டால், மற்ற எதையும் கலைக்காமல் அவர் பக்கம் மட்டும் சாய முடிய வேண்டும். ட்ரைபாடுக்கு மட்டும்தானா இது?

புது ஹெட் நேற்று சென்னையில் நான் தங்கியிருக்கும் அறைக்கு வந்து சேர்ந்தது. மாட்டினேன். டைமர் போட்டு, கட்டிலில் போய் உட்கார்ந்தேன். நச்சென்று நேராக விழுந்தது படம். நான், சுவர், கொடியில் ஒரு சட்டை... பக்கத்தில் நிறைய இடம்.

ஆக, எங்கள் வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு: மூவாயிரத்து இருநூறு ரூபாயும், அப்பாவின் ஒரு படமும்.