கேட்டிலிருந்து வாசற்படி வரை

தோட்டப் பாதைக்கு சோலார் விளக்கு வாங்கலாமென்று நான் சொன்னபோது, என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இது என்ன கல்யாண மண்டபமா?" என்று மட்டும் கேட்டார்.

"மழைக்காலம் வருது. இருட்டுல நத்தையை மிதிச்சிடறேன்" என்றேன். நத்தை மேல் எனக்கு அப்படி ஒன்றும் கரிசனம் கிடையாது. கரிசனமெல்லாம் அவர் மேல்தான்.

விடியுமுன் எழுந்து திருவான்மியூர் கடற்கரையில் நடப்பது அவருடைய பல வருடப் பழக்கம். அந்தக் கோடையில் திடீரென்று நிறுத்திவிட்டார். கேட்டால் முழங்கால் வலியாம். மொட்டைமாடியில் காயும் வடகத்தைக் காக்காய் கொத்த வந்தால், அதே முழங்காலோடு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவார். ஒருநாள் இருட்டிய பிறகு வெளியிலிருந்து வந்தவரை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமரத்தடியில் நின்று, ஒரு காலை முன்னால் நீட்டித் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மறு காலை எடுத்து வைத்தார்.

கண் டாக்டரிடம் போகலாம் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். தி.நகர் பட்டுப்புடவைக் கடையில் காலமெல்லாம் நின்றவர். பார்டருக்கு ஏற்ற ரவிக்கைத் துணி எடுத்துக் கொடுப்பதில் அவர் கண்ணை மிஞ்ச ஆளில்லை என்று பெயர். "அரக்குல எத்தனை அரக்கு இருக்கு, உனக்குத் தெரியுமா? என் கண்ணுக்கு என்ன கேடு?" என்பார். பகலில் ஒரு கேடும் இல்லைதான். பொழுது சாய்ந்தால்தான் கதை வேறு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். இவருக்கோ உலகம் நிஜமாகவே இருண்டுகொண்டிருந்தது, அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்றுதான் கண்ணை மூடிக்கொண்டார்.

நான் தனியாகவே ராயப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். பட்டப்பகலில் இந்த விளக்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்று முழித்தேன். கடைக்காரர் விளக்கின் தலையிலிருந்த கறுப்புத் தகட்டை உள்ளங்கையால் பொத்தினார். எரிந்தது.

"இருட்டிப்போச்சுன்னு நெனச்சிக்கினு எரியுது பாரும்மா. இத்தப் பாரு, இன்னா வெளிச்சம் கீது!" என்று இன்னொன்றையும் பொத்திக் காட்டினார். அது கண் கூசும் வெள்ளை. முதலில் காட்டியது சாதுவான மஞ்சள். முடிவெடுக்கத் தெரியாமல் வீட்டுக்கு போன் போட்டேன்.

"மஞ்சளே வாங்கு" என்றார், கல்யாண மண்டபமா என்று கேட்ட அதே மனிதர். "அந்த வெள்ளை லைட்டுல பச்சை நீலமாத் தெரியும். பொய் சொல்ற வெளிச்சம் நமக்கெதுக்கு?"

கேட்டிலிருந்து வாசற்படி வரை சமமான இடைவெளி விட்டு நானே நட்டேன். சாயங்காலம் அழகாக எரிந்தன. விடியுமுன் எழுந்து பார்த்தால் ஒன்றில்கூட உயிரில்லை.

"மாமரத்தடியில நட்டுட்டு வெயிலைத் தேடினா? கடைக்காரன் கையால பொத்தினான், நம்ம வீட்டுல மரம் பொத்துது" என்று சிரித்தார். பிறகு அத்தனையையும் பிடுங்கி மாடிக்கு எடுத்துப் போய், வடகத்துக்குப் பக்கத்தில் பழைய வேட்டியில் பரப்பினார். சாயங்காலம் இறக்கி வந்து நட்டார். அன்றிலிருந்து அது அவர் வேலையாயிற்று. நடையும் மறுபடி தொடங்கியது. விடியற்காலையில் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

ஒருநாள் கோயிலுக்குப் போய்விட்டு இருட்டியபின் திரும்பினேன். கேட்டருகே நின்று அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். நான் நட்ட வரிசை இல்லை அது. தெருவிளக்கு விழும் கேட் பக்கம் ஒன்றுமே இல்லை. மாமர வேர் புடைத்திருந்த இடத்தில் இரண்டு. மிச்சமெல்லாம் வாசற்படியின் இரண்டு பக்கமும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எங்கெங்கே தெரியவில்லை என்று என்னிடம் வாய்விட்டுச் சொல்லாததை அவர் தரையில் நட்டு வைத்திருந்தார். இத்தனை வெளிச்சம் வேண்டியிருக்கிறதா இந்த மனிதருக்கு என்று அழுகை வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தேன்.

ஐப்பசியில் நாலைந்து நாள் வெயிலே தலைகாட்டவில்லை. ஒரு விடியற்காலையில் வெகுநேரமாகியும் தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல் எழுந்து போனேன். ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். படியருகே விளக்குகள் மினுக்கென்று எரிந்தன. எனக்கு அந்த வெளிச்சத்தில் பாதை நன்றாகவே தெரிந்தது.

"இங்க இன்னும் ரெண்டு வைக்கணும்" என்றார்.

"வாங்கிட்டு வரேன். இன்னிக்கே போறேன்."

குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தார். "வேண்டாம். எத்தனை வெச்சாலும் பத்தலை. டாக்டர்கிட்டயே போயிடலாம். நீ கூட வா."

எழுந்துகொள்ள என் பக்கமாகக் கையை நீட்டினார். கை எனக்குச் சற்றுத் தள்ளி, வெறும் காற்றில் நின்றது. நானே நகர்ந்து போய்ப் பிடித்துக்கொண்டேன்.