மார்க் ஷீட்டின் பின்பக்கம்

எனக்குச் சந்தேகம் சம்பளத்தோடு வருவது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். லைனிலிருந்து வரும் ஒவ்வொரு தட்டிலும் ஐந்து பீஸை எடுத்து, கேஜில் வைத்து, அளவை ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். ஆபரேட்டர் சிரித்த முகமாக "எல்லாம் ஓகே மேடம்" என்றால் ஐந்துக்குப் பதில் எட்டு எடுப்பேன். வீட்டிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் நான் அடுப்பில் வைத்ததில்லை.

எங்கள் ரிப்போர்ட்டில் ஏழு எழுதினால் நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு போடவேண்டும். யாரோ எழுதிய 7-ஐ வெளிநாட்டு கஸ்டமர் 1 என்று படித்து, ஒரு லாட் முழுக்கத் திரும்பி வந்த பிறகு போட்ட சட்டம். சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இரண்டு மாதத்தில் அது கையோடு ஒட்டிக்கொள்ளும்.

அந்த ரிப்போர்ட்டுகள் என்னிடமிருந்து நேராக, சரக்கு அனுப்பும் டிஸ்பாட்சுக்குப் போகும். டிஸ்பாட்சில் இருந்தவள் என் சிநேகிதி. மண்ணூரில் பிறந்து படப்பைக்கு வாக்கப்பட்டவள். கம்பெனி பஸ்ஸில் படப்பையில் ஏறி, சாப்பாட்டுப் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து, சேரப்பணஞ்சேரியில் நான் ஏறும்வரை யாரையும் உட்கார விடமாட்டாள். நான்கு வருடம் அந்த சீட் எனக்கு இருந்தது.

சட்டப் படிப்பு என்ற பேச்சை எடுத்தது நான்தான். எங்கள் லைனில் ஒருவருக்கு பிரஸ்ஸில் விரல் போனது. விசாரணை என்று கூப்பிட்டு, ஆங்கிலத்தில் டைப் அடித்த தாளில் கையெழுத்து வாங்கினார்கள். கவனக்குறைவு தன்னுடையதுதான் என்று அவரே ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. சாட்சியாகப் போன நான் அதைப் படித்துவிட்டு, வாயைத் திறக்காமல் வெளியே வந்தேன். எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் என் வேலை போகும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை. வக்கீல் ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பட்டம் வாங்கியவர்கள் மூன்று வருடம் படித்தால் போதும், நுழைவுத் தேர்வு கிடையாது, டிகிரி மார்க்கின் சதவீதத்தை வைத்துத்தான் சீட் என்று விசாரித்து வைத்தேன். அதைப் பஸ்ஸில் அவளிடம் சொன்னேன்.

மறு வாரமே, "ஏய், நானும் போடலாம்னு கீறேன்டி" என்றாள்.

சந்தோஷப்படுவது போலச் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. இருப்பதே கொஞ்சம் சீட்டு. இடஒதுக்கீட்டில் அவளும் நானும் ஒரே வகுப்புப் பிரிவு. எனக்குக் கிடைக்கவேண்டியதை எனக்குத் தெரிந்தவளே வாங்கிக்கொண்டு போவாளோ என்று அன்றைக்கே தோன்றியது.

இரண்டு பேருமே பி.காம். வேறு வேறு கல்லூரி. என் மார்க் ஷீட்டில் சதவீதமே கிடையாது, 7.2 என்று ஒரு கிரேடு புள்ளிதான். அவளுடையதில் 6.9. படப்பை பிரவுசிங் சென்டரில் இருவருக்கும் ஜெராக்ஸ் எடுக்கப் போனபோது அதைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அதைப் பார்த்தபின் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்பத்தில் சதவீதம் கேட்டிருந்தது. பிரவுசிங் சென்டர் அண்ணன் என் தாளைப் பார்த்தார்.

"இத்த ஒம்போது புள்ளி அஞ்சால பெருக்கணும்மா. சி.பி.எஸ்.இ. பத்தாங்கிளாஸ் பசங்களுக்கெல்லாம் அதான் போட்டுக்கினு இருக்கேன்."

"காலேஜுக்கும் அதானாண்ணா?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா. கிரேடு கிரேடுதானே?"

அறுபத்தெட்டு புள்ளி நான்கு வந்தது. எட்டு பீஸ் எடுத்துப் பார்க்கும் நான், அதை அப்படியே ஒப்புக்கொண்டேன். அவள் வீட்டிலிருந்தே போனில் நிரப்பிக்கொண்டாள்.

தரவரிசைப் பட்டியல் வந்தது. என் பெயருக்கு மேலே அவள் பெயர். சதவீதம் அறுபத்தொன்பது.

இன்னொரு தடவை பார்த்தேன். என்னைவிடக் குறைந்த புள்ளி வாங்கியவளுக்கு எப்படி அதிக சதவீதம்? மறுநாள் பஸ்ஸில் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன்.

"நீ எப்படிடி கணக்குப் போட்ட?"

"பத்தால பெருக்குனேன். எங்க காலேஜுல அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள்.

அந்த முறுக்கைத் தின்றுகொண்டே அவளை எடைபோட்டேன். எங்க காலேஜுல அப்பிடித்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? ஆபரேட்டர் ஓகே மேடம் என்று சொல்வது போலவே இருந்தது எனக்கு. அதற்குப் பின் அவள் செய்ததெல்லாம் தப்பாகவே பட்டது. போனில் பேசும்போது ஜன்னல் பக்கம் திரும்பினால், யாரிடம் ரகசியம் பேசுகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். புருஷனின் சித்தப்பா ஏதோ ஆபீசில் இருக்கிறார் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். எந்த ஆபீஸ் என்று கேட்காமல் விட்டதற்கு என்னையே நொந்துகொண்டேன். பட்டியலைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். அவளுக்கு ஒன்பதரை போட்டுக் கணக்குப் பார்த்தால் அறுபத்தைந்தரைதான். எனக்குக் கீழே எங்கேயோ போயிருப்பாள்.

சட்டக் கல்லூரி சேர்க்கை ஆபீசுக்கு மொட்டைக் கடிதம் எழுதினேன். எழுதியது நான்தான், வேறு யாரும் தூண்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கதவைச் சாத்திக்கொண்டு, என் கையெழுத்து தெரியாமல் இருக்க ஒவ்வொரு எழுத்தையும் அச்சடித்தது போலத் தனித்தனியாக எழுதினேன். சிலர் கிரேடு புள்ளியைச் சதவீதமாக மாற்றும்போது தங்கள் இஷ்டத்துக்கு ஏற்றிப் போடுகிறார்கள், நேர்மையாக விண்ணப்பித்தவர்கள் பாதிக்கப்படுகிறார்கள், தயவுசெய்து சரிபார்க்கவும், உதாரணத்துக்கு இந்த விண்ணப்பம் என்று அவள் விண்ணப்ப எண்ணைப் போட்டேன். அதுவும் என் போனில்தான் இருந்தது. "மறந்துடுவேன், நீ வச்சிக்க" என்று அவளே அனுப்பி வைத்திருந்தாள். ஒரகடத்தில் போட்டால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்று தாம்பரம் போய்த் தபாலில் போட்டேன். திரும்பி வரும்போது பெரிய நியாயம் செய்துவிட்டது போல ஒரு திருப்தி. அடுத்த நாளும் அவள் சாப்பாட்டுப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் கொடுத்தாள்.

சான்றிதழ் சரிபார்ப்புக்கு இருவரையும் ஒரே நாளில் சென்னைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்றாகவே போனோம். ஹால் வாசலில் கையால் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருந்தது. கிரேடு முறையில் படித்தவர்கள், மார்க் ஷீட்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் மாற்று முறையைக் கட்டாயம் காட்டவேண்டுமாம். என் கடிதம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை, வருடா வருடம் ஒட்டுவதாகவும் இருக்கலாம். அது எனக்கு இன்றுவரை தெரியாது.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அவள் மார்க் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு ஃபைலிலிருந்து வேறொரு தாளை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். அவள் அதைக் குனிந்து படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். என் மனம் குதித்ததை மறைக்க ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். முகத்தைத் துடைத்தாள்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"முடிஞ்சிது. பின்னாடி பத்தால பெருக்கணும்னு போட்டுக்கீது, அத்தப் பாத்துட்டு டிக் அடிச்சிட்டாரு. உன்னுத எடு. பின்னாடி இன்னா போட்டுக்கீதுன்னு பாத்துக்க."

எடுத்தேன். என் மார்க் ஷீட்டுக்குப் பின்பக்கமே இல்லை. படித்து முடித்ததும் லேமினேஷன் போட்டபோது, மார்க் ஷீட்டையும் பட்டச் சான்றிதழையும் முதுகோடு முதுகாக வைத்து ஒரே உறையில் போட்டிருந்தேன். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். ஒன்று தொலைந்தால் இன்னொன்றும் கையில் இருக்காது என்று யாரும் யோசிப்பதில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கும், பத்திரம் என்றுதான் யோசிப்போம். படித்த காலத்தில் மார்க்கைப் பார்த்தேனே தவிர, அந்தத் தாளைத் திருப்பிப் படித்த ஞாபகம் எனக்கு இல்லை.

அவள் வெளியே போனாள். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் வாங்கிக்கொண்டு வந்தாள். வராந்தா பெஞ்சில் தாளைக் கிடத்தி, ஓரத்தில் கத்தியை வைத்தாள். எனக்கு அப்போதும் சந்தேகப் புத்தி போகவில்லை. வேண்டுமென்றே கிழித்துவிடுவாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிஸ்பாட்சில் பெட்டி பெட்டியாகப் பிரித்த கை. ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நான்கு பக்கமும் அறுத்து, இரண்டு தாளையும் மெல்லப் பிரித்து, திருப்பி என் மடியில் வைத்தாள்.

பொடி எழுத்தில் இருந்தது. புள்ளியிலிருந்து முக்காலைக் கழித்துவிட்டு, பத்தால் பெருக்கவேண்டும்.

போனில் போட்டுப் பார்த்தேன். அறுபத்து நான்கரை. இன்னொரு தடவை போட்டேன். அதேதான்.

ஒரே படிப்பு, ஏறக்குறைய ஒரே பாடம். அவள் கல்லூரி 6.9 கொடுத்து முழுசாக விட்டது. என் கல்லூரி 7.2 கொடுத்து, பின்பக்கத்தில் முக்காலைப் பிடுங்கிக்கொண்டது. ஒரே பீஸை இரண்டு கேஜில் வைத்து இரண்டு அளவு வந்தால், நான் லைனையே நிறுத்திவிடுவேன். இங்கே யாரிடம் போய் நிறுத்தச் சொல்வது? ஆனால் அந்த ஆத்திரமெல்லாம் பிறகு வந்தது. அந்த பெஞ்சில் எனக்கு வந்தது ஒரே ஒரு நினைப்புதான். இஷ்டத்துக்கு ஏற்றிப் போட்டவர் என்று நான் எழுதிக் கொடுத்த ஆள், நான்.

"மறைச்சிடலாம்னு நினைக்காத. போய் நீயே சொல்லிடு" என்றாள்.

போய்ச் சொன்னேன். அதிகாரி திட்டவில்லை. தெரியாமல் செய்த பிழை என்று எழுதி வாங்கிக்கொண்டு, சதவீதத்தைத் திருத்தினார். "நெறைய பேர் இப்படித்தாம்மா வர்றாங்க. யாரும் திருப்பிப் பாக்கறதில்ல" என்றார். தரவரிசையில் நான் சறுக்கிக்கொண்டே போய், சீட்டெல்லாம் முடிந்த இடத்துக்கும் கீழே நின்றேன். அவளுக்குக் கிடைத்தது.

சரிபார்ப்பு முடிந்து அன்றைக்குத் திரும்பி வரும்போது ரயிலில் அவள் பேசவில்லை. என் தோல்விக்கு வருத்தப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

அவள் வேலையை விட்ட கடைசி நாள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வழக்கம்போல ஒன்றாக உட்கார்ந்தோம். டிஸ்பாட்ச் ஆட்கள் வாங்கிக்கொடுத்த சுடிதார் பெட்டி அவள் மடியில் இருந்தது. ஒரகடம் கூட்டுரோடு தாண்டியதும் பேசினாள்.

"அடுத்த வருசமும் போடுவதானே?"

"போடணும். கிடைக்குமான்னு தெரியல."

"போடு. விட்றாத. வேற காலேஜ்லயும் போட்டுப் பாரு." ஜன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "இன்னொண்ணு. இனிமே யாருக்காச்சும் மொட்ட லெட்டர் போட்டா, ஏழுக்கு நடுவுல கோடு போடாத."

சுடிதார் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

"என் அப்ளிகேசன் நம்பர்ல மூணு ஏழு கீது. மூணுலயும் கோடு. அந்த நம்பர் உன்கிட்ட மட்டும்தான்டி குடுத்தேன்."

அந்த அதிகாரி அவள் முன்னால் நீட்டிய தாள் என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைப் படித்து முடித்துவிட்டு வெளியே வந்துதான் தண்ணீர் குடித்தாள். அதற்குப் பிறகுதான் எதிர்க்கடைக்குப் போய்க் கட்டர் வாங்கி வந்தாள். நான் அவள் கையைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவளுக்கு எல்லாம் தெரியும்.

சேரப்பணஞ்சேரி ஸ்டாப் வந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. பஸ் கிளம்பியது. படப்பை வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அவள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை. சாப்பாட்டுப் பையை மட்டும் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்திருந்தாள்.