அவசரக் காசும் லாமினேட் மெஷினும்

முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் சில்லறைக்கே பஞ்சம். அதனால் சின்னச் சின்ன ஊர்களின் சேமிப்பு வங்கிகள் தாங்களே கடதாசியில் காசு அடித்துக்கொண்டன. அவசரக் காசு என்று அதற்குப் பெயர். நாங்கள் அகதிகளாக வந்து முதலில் அடைபட்ட ஊரும் அப்படி அடித்த ஊர்தான். கையில் காசு தந்தால் கெட்டுப்போவோம் என்று எங்களுக்குக் கூப்பன் தந்த அதே புண்ணிய ஊர். ஒரு காலத்தில் அதுவும் கையில் காசில்லாமல் நின்றது என்று அறிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை மறைப்பானேன்? அன்றே சேர்க்கத் தொடங்கினேன்.

அந்த ஊர் வங்கி வெளியிட்டது ஆறு வகைத் தாள். ஐந்து என்னிடம் இருந்தன. ஆறாவது, டுசல்டோர்ஃபில் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்து ஜெர்மன் பெரியவர் ஒருவரிடம் இருந்தது. விற்கமாட்டார், மாற்றத்தான் செய்வார். இரண்டு வருடம் கெஞ்சியபின், என்னிடம் இருந்த வேறோர் ஊர்த் தாளுக்கு மாற்றச் சம்மதித்தார். கையுறை போடாமல் எந்தத் தாளையும் தொடமாட்டார். பச்சைக் குழந்தையைக்கூட அப்படித் தூக்கியிருக்கமாட்டார்.

தாளை மாற்றக் குறித்த சனிக்கிழமை மனைவியும் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு கூட வந்தாள். பெரியவர் முன்னால் தாள்கள் வைத்த கோப்பைத் திறந்தேன். நான் கொடுக்கவேண்டிய தாள் பிளாஸ்டிக்குக்குள் பளபளத்தது.

“பழசாக் கிடந்தது. கிழிஞ்சுபோடும் எண்டு லாமினேட் பண்ணினனான்” என்றாள் மனைவி.

எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி. பிறப்புப் பத்திரம், பிள்ளையின் நீச்சல் சான்றிதழ், பிள்ளையார் படம், எதையும் விடமாட்டோம். அந்த மெஷினை வாங்கிவந்த மகா புத்திசாலி நான்தான்.

பெரியவர் கையுறையைக் கழற்றினார். பிளாஸ்டிக்கைப் பிரித்தால் தாளும் சேர்ந்து கிழியும் என்றார். “யார் செய்தது?”

எனக்குத் தலை கொதித்தது. “என் மனைவி. அவளுக்கு ஒன்றும் விளங்காது” என்றேன் ஜெர்மனில்.

அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். அவளுடைய ஜெர்மன் என்னுடையதைவிடத் திறம். நிதானமாக அவரிடம் சொன்னாள்: “நாங்கள் அகதிகளாக வந்த புதிதில் எங்கள் அனுமதிப் பத்திரம் ஒரு மடித்த தாள். மடிப்பில் கிழிந்தது, செல்லாது என்றார்கள். புதியது வருவதற்குள் ஹம்பேர்க்கில் என் அக்கா இறந்துவிட்டார். தாள் இல்லாமல் மாவட்டத்தைத் தாண்ட முடியவில்லை. அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.”

“மிகவும் வருத்தம்” என்றார் பெரியவர். பிறகு ஆறாவது தாளைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். வருத்தம் வேறு, வியாபாரம் வேறு. ரோல்ஸ் மட்டும் நாலு சாப்பிட்டார்.

ரயிலில் எனக்கு வெட்கமாக இருந்தது. தாள் போனது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

“கோவத்தில சொல்லிப்போட்டன்” என்றேன்.

“ஓம்” என்றாள், யன்னலைப் பார்த்தபடி. “அந்த நாளில ஓஃபீசில எனக்காகக் கதைக்கச் சொன்னால் உங்களுக்கு ஜெர்மனில ஒரு சொல்லும் வாறேல்லை. இண்டைக்கு ஒரு தடக்கலும் இல்லாமல் வந்தது.”